வாளி கவிழ்த்த பிறகு பேச்சில்லை

நம் ஊர் வாசகசாலையின் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். தலைப்பையும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள்: வெளிநாட்டில் கவலையில்லாமல் வாழ்வது எப்படி.

வாய்விட்டுப் படித்தேன். அடுப்படியில் இருந்த என் மனைவி அஞ்சலை சிரித்தாள்.

"எழுதுங்க, எழுதுங்க. எழுதிட்டு எனக்கும் ஒருக்கா படிச்சுக் காட்டுங்க. நானும் தெரிஞ்சுக்கிறேன்."

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். இன்று காலை டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். வருடத்துக்கு ஒரு தரம் பார்க்க வேண்டும். அவரிடம் போனாலே பழைய கதை ஒன்று கூடவே வரும். அதையே எழுதிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த வழிகள் அதில்தான் இருக்கின்றன.

1

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது எனக்கு மீசை முளைக்கவில்லை. வந்து சேர்ந்தது பேராக் மாநிலத்தில் சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கே பால்மரம் வெட்டினேன், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுப்பது. கல்யாணம் ஆனது அங்கே, மகள் பிறந்தது அங்கே.

தோட்டத்தில் காய்ச்சல் வரும், வயிற்றுவலி வரும், அட்டை கடிக்கும். டென்ஷன் வந்ததில்லை. வந்திருந்தாலும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கிடைத்திருக்காது. அங்கே இருந்தவை இரண்டு தண்ணீர். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. எந்த நோய்க்கு எது என்பது கொடுப்பவரின் அன்றைய மனசைப் பொறுத்தது.

பிறகு ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டுச் எண்ணெய் எடுக்கிற செம்பனை வைத்தார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். ஈப்போவுக்கு வந்தோம். குனோங் ராபாட்டில், சுண்ணாம்பு மலைக்குக் கீழே, வரிசை வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தோம். எனக்கு ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை. இங்கே அதை ஜாகா என்பார்கள். கார் வந்தால் கட்டையைத் தூக்க வேண்டும். போனால் இறக்க வேண்டும். மற்ற நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று நான் நினைத்ததில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வருடம், காவல்காரர்கள் எல்லோரும் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். போனேன். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இறக்கிப் பார்த்தார். மறுபடி அடித்தார்.

"பிரஷர் கூடிக் கிடக்கு. மேலயும் கூட, கீழயும் கூட. ஏதும் யோசிக்கிறனீங்களோ?"

"இல்லைங்க."

"ஒண்டும் யோசிக்கிறேல்லையோ?"

"இல்லைங்க."

கூட வந்திருந்த அஞ்சலை குறுக்கே பேசினாள். "அவரு யோசிக்கமாட்டாரு டாக்டர். எல்லாத்தையும் உள்ளயே போட்டு வச்சுக்குவாரு. ஊறுகா மாரி."

டாக்டர் சிரித்தார். ஆனால் கையெழுத்துப் போடவில்லை. அடுத்த மாதம் வரச் சொன்னார். அதற்குள் இறங்கினால் போடுவாராம்.

இது சின்ன விஷயம் இல்லை. கையெழுத்து இல்லாவிட்டால் வேலை இல்லை. அஞ்சலை இங்கே பிறந்தவள். அவளுக்கும் மகளுக்கும் குடியுரிமைக்கான நீல அடையாள அட்டை. நான் வந்தவன். எனக்குச் சிவப்பு. சிவப்பு அட்டைக்காரன் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். என் பெர்மிட் இந்த வேலைக்குக் கொடுத்தது. வேலை போனால் அதுவும் போகும். மறுபடி வரிசையில் நிற்க வேண்டும், கிடைத்தாலும் கிடைக்கும். பெர்மிட் கிடைக்காமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏறியவர்களை எனக்குத் தெரியும். சிலர் பெண்டாட்டி பிள்ளையை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

டாக்டர் யோசிக்காமல் இருக்கச் சொன்னார். சரி என்றேன். அன்றிலிருந்துதான் நன்றாக யோசிக்க ஆரம்பித்தேன்.

2

டாக்டர் சொன்ன முதல் வழி நடப்பது.

"காலமை வெள்ளன எழும்பி நடவுங்கோ."

"எங்கங்க போகணும்?"

"ஒரு இடமும் போக வேண்டாம். சும்மா நடந்துபோட்டு வாங்கோ."

எங்கும் போகாமல் நடப்பது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் நடந்தேன். எங்கள் வீதியில் வரிசையாக விளக்குக் கம்பங்கள் உண்டு. ஒரு கம்பம் வந்ததும் என் கால் நிற்கும். இடுப்பு லேசாக வளையும். வலது கை கொஞ்சம் எழும்பும். பிறகு அடுத்த கம்பத்துக்கு நடப்பேன். அங்கேயும் நிற்பேன்.

வேண்டுமென்று செய்யவில்லை. பால் வெட்டுகிறவனின் நடை அது. ஒரு மரம், ஒரு வெட்டு, அடுத்த மரம். நிற்காமல் நடக்க என் காலுக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

எதிர்வீட்டில் ஒரு சீன அம்மா. நாங்கள் ஆ சோ என்று கூப்பிடுவோம். அவர் சில நாள் பார்த்துவிட்டு அஞ்சலையிடம் மலாயில் கேட்டாராம், "உன் வீட்டுக்காரர் லைட் கம்பெனியில் சேர்ந்துவிட்டாரா? தினமும் கம்பத்தைச் சோதிக்கிறாரே."

மறுநாள் அஞ்சலையும் கூட வந்தாள்.

"ஏங்க, அந்தக் கம்பத்துல பால் வராதுங்க."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் நிக்கிறீங்க?"

"நான் நிக்கல. கால் நிக்குது."

"அது யாரு காலு லா? எதிர்வீட்டு ஆ சோ காலா? நடங்க நேரா."

இங்கே எல்லோரும் பேச்சின் நுனியில் ஒரு லா போடுவார்கள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வீதி முனையில் திரும்பினோம். வரும்போது அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பார்க்கிறேன், அவளும் ஒவ்வொரு கம்பத்திலும் நிற்கிறாள். தோட்டத்தில் நாங்கள் வெட்டிய மர நிரைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திய பிறகு அவளும் நின்றதைச் சொன்னேன்.

"நான் உங்களுக்காக நின்னேன்" என்றாள்.

இருக்கலாம்.

டவுனுக்கு வந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியதில்லை. எனக்கு ஷிப்ட். அவளுக்கு ஒரு வீட்டில் சமையல் வேலை. வாசலில் ஒருவரை ஒருவர் தாண்டிப் போவோம். அந்த நடையில்தான் பேசினோம். முக்கியமான பேச்சு ஒன்றும் இல்லை. மீன் விலை, ஆ சோ வீட்டு நாய், அவ்வளவுதான். எது நல்லது செய்தது, நடையா பேச்சா என்று தெரியாது. நீங்கள் இரண்டையும் செய்யுங்கள்.

3

இரண்டாவது வழி உப்பைக் குறைப்பது.

டாக்டர் எனக்குத்தான் சொன்னார். அஞ்சலை வீட்டுக்கே நிறுத்தினாள். "ஒரு சட்டி எனக்கு, ஒரு சட்டி ஒங்களுக்கா? எல்லாரும் ஒண்ணாச் சாப்பிடுவோம்." மகள் சாந்தி பாவம். நெத்திலிக் கருவாட்டை வறுத்து ஒரு டப்பாவில் போட்டுத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். கருவாட்டை ஒளிக்கலாம், வாசனையை எங்கே ஒளிப்பது? அந்த மாதம் அவள் உடுத்திய சட்டை எல்லாம் நெத்திலிதான். அஞ்சலை கண்டுபிடித்து, திட்டிவிட்டு, இரண்டு எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாள்.

ஆ சோ மஞ்சள் பூக்களைக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். குடித்தேன். கூட வேலை செய்கிற மலாய்க்காரர் தூண்டில் போடப் போகலாம் என்றார். போனேன். மீன் கடிக்காமல் இருந்தவரை நிம்மதிதான். கடித்ததும் நெஞ்சு அடித்துக்கொண்டது. கோயிலில் பார்த்த ஒருவர் வெங்காயம் என்றார், இன்னொருவர் வெங்காயமே கூடாது என்றார். ஒருவனுக்குப் பிரஷர் என்று தெரிந்தால் ஊரே டாக்டர் ஆகிவிடுகிறது. எல்லாருக்கும் சரி சரி என்று சொல்லியே எனக்குக் களைத்துவிட்டது.

இதற்கு நடுவில் குடியுரிமைக்குப் போட்டிருந்த மனுவுக்கு அழைப்பு வந்தது. அது கிடைத்துவிட்டால் பெர்மிட் கவலையே இல்லை. ஆபீசில் மலாயில் கேள்வி கேட்பார்கள். எனக்கு மலாய் வரும். ஆனால் என் மலாய் பாசாரில் படித்தது, மீன் கடையில் பேசுகிற மலாய். அதிகாரி அமைதியாகக் கேட்டார். நானும் பயமில்லாமல் பதில் சொன்னேன். சொல்லும்போதெல்லாம் அவரை 'லூ' என்று கூப்பிட்டிருக்கிறேன். மீன் கடைக்காரனை அப்படித்தான் கூப்பிடுவோம். நம் ஊரில் தாசில்தாரைப் பார்த்து 'டேய்' என்பது போல.

அதிகாரி நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு வரச் சொன்னார். வீட்டில் சொன்னபோது சாந்தி தலையில் கை வைத்தாள்.

"அப்பா! துவான்னு சொல்லணும் லா. லூன்னா சொன்னீங்க?"

"மரியாதையாத்தான் சொன்னேன்."

4

சாந்தி அப்போது ஐந்தாம் படிவம் முடித்திருந்தாள், நம் ஊர் எஸ்.எஸ்.எல்.சி. மாதிரி. படித்தது எல்லாம் மலாயில். தமிழ் பேசுவாள், எழுதச் சொன்னால் நெளிவாள். மூச்சுப் பயிற்சி என்று ஒன்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்களாம். மூச்சை இழுக்கும்போது எண்ண வேண்டும், விடும்போதும் எண்ண வேண்டும்.

என்னை நாற்காலியில் உட்கார வைத்து எண்ணினாள். "சத்து, டூவா, தீகா..."

எனக்கு மலாயில் எண் தெரியும். ஆனால் மூச்சு தமிழில்தான் வருகிறது. அவள் தீகா என்பாள், நான் உள்ளுக்குள் மூன்று என்று மாற்றுவேன், அதற்குள் அவள் அடுத்ததற்குப் போயிருப்பாள். துரத்திக்கொண்டு ஓடினேன். மூச்சு வாங்கியது.

"அப்பா, ரிலாக்ஸ் லா!"

"தமிழ்ல எண்ணு புள்ள."

தமிழில் எண்ணினாள். நான்கு, ஐந்து வரைக்கும் சுகமாக இருந்தது. ஏழு தாண்டியதும் அவளுக்குத் தடுமாறியது. எட்டை விட்டுவிட்டு ஒன்பதுக்குப் போனாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டுக்காகக் காத்திருந்தேன். வரவே இல்லை. அஞ்சலை சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வழி எங்கள் வீட்டில் அதோடு நின்றது. உங்களுக்கு உதவலாம். எண்ணுகிறவரும் மூச்சு விடுகிறவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் நல்லது.

5

உள்ளபடி எனக்கு உதவியது வேறொன்று. அது யாரும் சொல்லிக் கொடுத்தது அல்ல, சண்டையில் வந்தது.

ஒரு சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தோம். சாந்தி பேச்சை எடுத்தாள். பினாங்கில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் பெண்களை எடுக்கிறார்களாம், ஹாஸ்டல் உண்டாம், போகிறேன் என்றாள். அஞ்சலை வயசுப் பெண்ணைத் தனியாக அனுப்ப முடியாது என்றாள். சாந்தி அழுதாள். அஞ்சலை லைட் பில்லைப் பற்றிப் பேசினாள். அதற்கும் பினாங்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியவில்லை. நான் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். "ஏதாச்சும் சொல்லுங்க" என்றாள் அஞ்சலை. "பெர்மிட் என்னாகுமோ" என்றேன். மூன்று பேரும் மூன்று கவலையைச் சாப்பாட்டில் பிசைந்துகொண்டு இருந்தோம்.

அஞ்சலை சடாரென்று எழுந்தாள். நான் வேலைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற தூக்கை எடுத்தாள். கழுவினாள். பின்வாசல் படியில் தலைகீழாக வைத்தாள். டங் என்று சத்தம்.

"வாளி கவுத்தாச்சு. இனிமே ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது."

உங்களுக்கு இது விளங்காது, சொல்கிறேன். தோட்டத்தில் விடியும் முன்னால் பெரட்டு. ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அதற்குப் பிறகு மரம். வெட்டி முடித்து, பாலைச் சேர்த்து, வாளியில் சுமந்துபோய் ஸ்டோரில் நிறுப்போம். நிறுத்ததும் வாளியைக் கழுவி வேலியோரம் கவிழ்த்துவிடுவோம். அவ்வளவுதான், அன்றைய நாள் முடிந்தது. வாளி கவிழ்ந்த பிறகு எங்கள் கங்காணி எதுவும் கேட்கமாட்டார். ஏதாவது கேட்க வாயெடுத்தாலும், "வாளி கவுத்தாச்சுங்க" என்று பெண்கள் கூட்டமாகச் சொல்வார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார். மிச்சம் எதுவானாலும் நாளைக் காலைப் பெரட்டில்தான்.

டவுனில் அப்படி ஒன்று இல்லை. வேலை முடியும், நாள் முடியாது. பில்லும் பெர்மிட்டும் பிள்ளையும் நம்மோடு படுக்க வந்துவிடும்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம் வந்தது. தூக்கைக் கவிழ்க்கும் வரை யார் எந்தக் கவலையை வேண்டுமானாலும் பேசலாம், சண்டையும் போடலாம். கவிழ்த்த பிறகு கூடாது. சாந்திக்கு முதலில் பிடிக்கவில்லை. அவள் பேச்சை ஆரம்பிக்கும் நேரம் பார்த்து அம்மா தூக்கை எடுக்கிறாள் என்றாள். அது உண்மைதான். பிறகு அவளும் பழகிக்கொண்டாள். நான் எப்போதாவது மறந்து பெர்மிட் என்று ஆரம்பித்தால், "அப்பா, வாளி!" என்பாள். கவலை எங்கும் போகவில்லை, காலையில் அதே இடத்தில் இருக்கும். ஆனால் நான் தூங்கி எழுந்திருப்பேன்.

6

டாக்டர் சொன்ன நாள் வந்தது. அங்கிருந்து நேராக வேலைக்குப் போகவேண்டும் என்று தூக்கையும் எடுத்துக்கொண்டு நானும் அஞ்சலையும் போனோம்.

உட்கார்ந்திருந்தேன். நன்றாகத்தான் இருந்தேன். நர்ஸ் கதவைத் திறந்து என் பெயரைக் கூப்பிட்டாள். இங்கே அப்பன் பெயரையும் சேர்த்து முழுசாகக் கூப்பிடுவார்கள். பெரட்டில் கணக்கெழுதும் கிராணி கூப்பிடுவது போலவே இருந்தது. நான் குதித்து எழுந்து, நெஞ்சை நிமிர்த்தி, "இருக்கேன்!" என்று கத்தினேன். மருந்து வாங்க நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் பட்டையைச் சுற்றி அடித்தார். முகம் மாறியது.

"இறங்கேல்லையே."

மேசையில் தொழிற்சாலைக் காகிதம் இருந்தது. நான் அதைப் பார்த்தேன். டாக்டர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "கொஞ்சம் ஆறி இருங்கோ. திரும்ப எடுத்துப் பாப்பம்." நான் ஆறவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அதில் என் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பு அட்டை நம்பர். எனக்குக் கப்பல்தான் தெரிந்தது.

"அதப் பாக்காதீங்க" என்றாள் அஞ்சலை.

பார்த்தேன்.

"பாக்காதீங்கன்னா கேக்கமாட்டீங்களா?"

மடியிலிருந்த தூக்கை எடுத்தாள். டாக்டர் மேசைமேல் தலைகீழாகக் கவிழ்த்தாள். டங்!

"வாளி கவுத்தாச்சு!"

அதில் சாப்பாடு இருந்தது. தினமும் வெறும் தூக்கைக் கவிழ்த்த கை. மறந்துவிட்டாள். மூடி கழன்றது. சோறும் பருப்புக் குழம்பும் மேசையில் ஓடின.

"ஐயோ, என்ன அம்மா செய்யிறியள்!" டாக்டர் காகிதங்களை அள்ளிக்கொண்டு எழுந்தார். நர்ஸ் துணி தேடி ஓடினாள். அஞ்சலை முந்தானையால் துடைத்தாள். "மன்னிச்சுக்குங்க டாக்டர், வெறும் தூக்குன்னு நெனச்சுட்டேன் டாக்டர். பயப்படாதீங்க, உப்பு போடல டாக்டர்."

உப்பு போடவில்லை என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எப்போதாவதுதான் வரும். வந்தால் நிற்காது. கையில் பட்டையோடு குலுங்கினேன். அஞ்சலையும் சிரித்தாள். டாக்டர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரும் உட்கார்ந்து சிரித்தார். வாளி என்றால் என்ன என்று கேட்டார். அஞ்சலை சொன்னாள். கங்காணி தலையைச் சொறிவதை நடித்தும் காட்டினாள். கேட்டுக்கொண்டே டாக்டர் மெதுவாகக் காற்றடித்தார். நான் கவனிக்கவில்லை.

"இறங்கியிருக்கு" என்றார். இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் கூடத்தான். ஆனா வேலைக்குப் போகலாம்."

கையெழுத்துப் போட்டார். ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். அதை இன்றுவரை போடுகிறேன். தூக்கைக் கவிழ்த்தால் மாத்திரை வேண்டாம் என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம்.

காகிதத்தின் ஓரத்தில் மஞ்சள் கறை. தொழிற்சாலை ஆபீசில் கிராணி மோந்து பார்த்து, "கறியா?" என்றார். "பருப்பு" என்றேன். பைலில் வைத்துவிட்டார். அந்த வருடம் பெர்மிட்டும் கிடைத்தது.

7

சாந்தி பினாங்குக்குப் போய்விட்டாள். நடந்துகொண்டே பேசி அஞ்சலையைச் சம்மதிக்க வைத்தேன். பல கம்பங்கள் ஆயின. இப்போது சாந்தி மாதம் ஒரு தரம் பஸ்ஸில் வருவாள். தமிழில் மலாய் கலந்தது போக, இப்போது அவள் மலாயில் கொஞ்சம் ஹொக்கியன் சீனமும் கலந்திருக்கிறது. நாங்கள் பாதி புரிந்துகொண்டு முழுசாகத் தலையாட்டுவோம்.

இன்று காலை டாக்டரிடம் எல்லாம் நல்லபடி முடிந்தது. அஞ்சலை கையில் தூக்கைப் பார்த்ததும் அவர் முதல் வேலையாகக் காகிதங்களை மேசையின் அந்தக் கோடிக்குத் தள்ளி வைத்தார்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்தேன். அஞ்சலை தூக்கைக் கழுவினாள். பின்வாசலில் நிமிர்த்தே வைத்தாள்.

"கவுக்கலியா?"

"இன்னிக்கு சாந்தி வாரா. பஸ் வரல."

"நேரமாச்சு."

"அதான் சொல்றேன், நேரமாச்சு. பஸ்ஸு எங்க நிக்குதோ. ஈப்போல எறங்கி இன்னொரு பஸ்ஸு வேற."

தூக்கு நிமிர்ந்து இருந்ததால் அவள் பேசலாம். பேசினாள். பஸ், மழை, ஹாஸ்டல் சாப்பாடு, மெலிந்துபோனது, கல்யாணம். நான் உம் போட்டேன். வாசலில் நின்றோம். வீதியில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன.

முனையில் பையோடு ஒரு உருவம் வந்தது.

சாந்தி செருப்பைக் கழற்றினாள். எங்கள் முகத்தைப் பார்த்தாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேரே பின்வாசலுக்குப் போனாள்.

டங்.

"பசிக்குதும்மா" என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள். "உப்பு போட்டிருக்கீங்களா?"